வாழ்த்து மடலும் நம் மலைகளும்

வாழ்த்துதல் மனிதர்க்கு இயல்பாய் அமைந்த நற்குணங்களுள் ஒன்று. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி முதலிய நன்னாட்களிலே அருகில் இருப்பாரை நேரிற் கண்டு வாழ்த்துகின்றோம். எட்ட இருப்பார்க்கு மடல் விடுக்கின்றோம். அம்மடலை எதன்மேல் எழுதுவது, அதனை யார் சுமந்து செல்வது என்னும் இரண்டும் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. அம்மாற்றத்தின் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து, இன்று கைத்தொலைபேசி வழியே செல்லும் மின்வாழ்த்தை நம் தோட்டப்புற இளைஞர் ஏன் கைக்கொள்ள வேண்டும் என்பதையும், நண்பர்களை அவ்வழியில் எவ்வாறு சேர்த்தல் கூடும் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிறிய பொருளன்றோ என எண்ணி மூத்தோர் இதனைத் தள்ளிவிடாதிருக்க வேண்டுகின்றோம். சிறிய பொருள்களின் வரலாற்றிலேதான் நம் போன்ற எளியோரின் வரலாறு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கின்றது.

ஓலைக் காலம்

கடதாசி நம் நாட்டிற்கு வருமுன்னர் மடல் என்றால் அது பனையோலையே. சைவ மரபிலே மிகப் புகழ்பெற்ற கடிதம் இறைவன் எழுதியதாகவே போற்றப்படுகின்றது. மதுரைத் திருவாலவாயில் எழுந்தருளிய பெருமான், யாழ் வல்ல பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்து அனுப்புமாறு சேரமான் பெருமாளுக்கு ஒரு திருமுகம் விடுத்தருளினார் என்பது வரலாறு. அத்திருமுகப் பாசுரம் பதினோராந் திருமுறையின் முதலில் வைக்கப்பட்டுள்ளது. சேரமான் அதனைத் தலைமேற் சூடி ஏற்றார் என்பர். ஓலை நறுக்கின் விலைக்காக அவர் அதனைச் சூடவில்லை. விடுத்தவர் யார், சொல்லிய சொல் யாது என்பவற்றுக்காகவே சூடினார். மடலின் மதிப்பு அது எழுதப்பட்ட பொருளில் இல்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஓலையைப் பெறுவதற்குப் பனையை வெட்ட வேண்டியதில்லை. மரம் நின்றபடியே ஓலை தரும். நம் முன்னோர் ஆலயந்தோறும் தல விருட்சம் ஒன்றை வைத்துப் போற்றினர். சிதம்பரத்திலே தில்லை, மதுரையிலே கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதர் சந்நிதியிலே மா என்றவாறு மரமும் வழிபாட்டின் ஒரு பகுதியாயிற்று. மரத்தை வாழவிட்டு அதன் பயனைக் கொள்ளுதல் அக்காலத்து ஒழுக்கமாய் இருந்தது.

நான்கு ஆண்டுகளில் நடந்தவை

இனி மேனாட்டுக்குச் செல்வோம். அங்கே 1840 ஆம் ஆண்டு தொடங்கிய நான்கு ஆண்டுகளுக்குள் நடந்த சில காரியங்கள் பிற்கால உலகத்தையும், நம் மலைகளையும் ஒருங்கே மாற்றிவிட்டன.

1840 ஆம் ஆண்டிலே ரோலண்ட் ஹில் என்பாரின் முயற்சியால் இங்கிலாந்தில் ஒரு பென்னித் தபால் முறை ஏற்பட்டது. தூரம் எவ்வளவாயினும் ஒரே கட்டணம். அக்கட்டணத்தையும் அனுப்புவோரே முத்திரை ஒட்டிச் செலுத்திவிடலாம். அதற்கு முன்னர்க் கடிதம் பெறுவோரே பெரும்பாலும் கூலி கொடுத்தனர். இதனால் ஏழையும் கடிதம் எழுதும் காலம் பிறந்தது. 1843 ஆம் ஆண்டிலே, இத்தபால் சீர்திருத்தத்தில் ஈடுபட்டிருந்த ஹென்றி கோல் என்பவர், தம் நண்பர் பலருக்கும் தனித்தனியே எழுத நேரமின்மையால், ஜான் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு நத்தார் வாழ்த்து அட்டை வரைவித்து அச்சிட்டார். விற்பனைக்கு வந்த முதல் நத்தார் அட்டை அதுவே. ஒன்றின் விலை ஒரு சிலிங்கு. ஒரு குடும்பத்தார், சிறு பிள்ளை உட்பட, திராட்சை மது அருந்துவதாக அதிற் படம் இருந்தமையால் மதுவிலக்கு நோக்கினர் கண்டித்தனர் என்பதும் அறியத்தக்கது. மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நம்மிற் பலருக்கு நத்தார் அட்டை புதியதன்று. ஆனால் நேரமின்மை காரணமாகப் பிறந்த பிள்ளை அது என்பதைப் பலர் அறியார்.

1844 ஆம் ஆண்டிலே சாக்சனி நாட்டு நெசவாளர் கெல்லர் என்பார் மரத்தை அரைத்துக் கூழாக்கிக் கடதாசி செய்யும் வழியைக் கண்டார். அதுவரை ஐரோப்பாவிற் கடதாசி கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது. கந்தைக்கோ அளவுண்டு. மரக்கூழ் வழி பரவிய பின்னர்க் கடதாசி மலிந்தது. அட்டைகள் இலட்சக்கணக்கிற் பெருகின. அவற்றுக்கு ஈடாகக் காடுகள் குறைந்தன.

அதே 1840 ஆம் ஆண்டில் நம் இலங்கையிலே நிகழ்ந்தது யாது? முடிக்குரிய காணிகள் பற்றிய 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. உரிமையைப் பத்திரத்தாற் காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியன எனக் கொள்ளப்பட்டன. அக்காலத்திலே ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்கு விலைக்குத் தோட்டத்துரைமார் கைக்கு மலைக்காடு மாறியது. முதலிற் கோப்பி வந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 இலே கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்து தேயிலை பரந்தது. 1876 இல் ஹெனரத்கொடைக்கு வந்த இறப்பர்க் கன்றுகளின் சந்ததி பின்னர் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த குன்றுகளை மூடிற்று. காட்டை அழிக்கத் தீர்மானித்தவர் நம் மூதாதையர் அல்லர். அவர்க்கு ஒரு சாண் நிலமும் சொந்தமாய் இருந்ததில்லை. ஆயினும் மரமற்ற சரிவின் கீழே லயங்களில் வாழும்படி விதிக்கப்பட்டவர் அவரே.

கடல் கடந்த வாழ்த்து

இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857 ஏப்ரலில் வெளியாயிற்று. தபாலட்டை 1869 இல் ஆஸ்திரிய நாட்டிலே தோன்றி, 1872 இல் இலங்கைக்கு வந்தது. இந்தியாவுக்கோ 1879 இலேதான் வந்தது. சபரகமுவத் தோட்டங்களுக்குத் தபாலைக் கொணர்ந்தவற்றுட் சிறப்பானது களனிப் பள்ளத்தாக்கின் சிறு இரயிற் பாதை. அது 1912 இல் இரத்தினபுரியையும் 1919 இல் ஓப்பநாயக்கையையும் எட்டியது. இன்று அவிசாவளையுடன் அது நின்றுவிடுகிறது. 1914 இலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், இருகரையிலும் இரயிலுமாக ஒரு தொடர் வழி உண்டாயிற்று. ஊரிலிருந்து வரும் கடிதம் அவ்வழியே கடல் தாண்டி, இரயிலேறி, கடைசியிலே தோட்டத்துத் தப்பால்காரரின் பையில் மலையேறி வந்தது.

தமிழ்நாட்டிலே பொங்கல் வாழ்த்து அட்டைகள் பெருவழக்காய் விளங்கிய காலம் 1950, 1960 ஆம் ஆண்டுகளாகும். தைப்பொங்கல் தமிழர் அனைவர்க்கும் பொதுவான திருநாள் என்னும் உணர்ச்சி அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. கரும்பும், பொங்கற் பானையும், உதய சூரியனும் தீட்டிய அட்டைகளை அச்சிட்ட ஊர்களுட் சிவகாசி முக்கியமானது. ஐய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1920களிற் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தமையும், தீப்பெட்டிக்கு வேண்டிய சிறு படங்களை அச்சிடும் தேவையால் அங்கே அச்சுத் தொழில் வளர்ந்தமையும் பலரும் அறிந்தவை. நம் சிங்கள அயலவரிடையே வெசாக் வாழ்த்து அட்டைகள் அவ்வாறே செழித்தன.

நம் மக்களுக்கோ அவ்வட்டைகள் வெறும் அலங்காரமாய் இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 அக்டோபர் 30 ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனக் கணக்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி 1974 இலேதான் இரு நாடுகளுக்குமிடையே பங்கிடப்பட்டது. கணக்கு நாடுகளுக்கிடையே முடிந்தது. பிரிவு குடும்பங்களுக்குள்ளே தொடங்கியது. அண்ணன் நீலகிரிக்கும் தம்பி இறக்குவானைக்கும் என்றாயிற்று. மாமன் கூடலூரிலே, மருமகள் யட்டியாந்தோட்டையிலே. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 இல் நீலகிரியிலே தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவர்கள் மீண்டும் கொழுந்தே பறித்தனர். அக்குடும்பங்களை ஆண்டுக்கொருமுறையேனும் இணைத்தது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்த அட்டையே. 1964 டிசம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1984 இலே தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அட்டை வரும் வழி வரவரச் சுருங்கிற்று. இன்றும் நம் பாட்டிமாரின் தகரப் பெட்டிகளுக்குள்ளே, தேசிய அடையாள அட்டைக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் பக்கத்திலே, மங்கிய பொங்கலட்டை ஒன்று பத்திரமாய் இருப்பதைக் காணலாம். அதனை எள்ளி நகையாடும் உரிமை நம்மில் எவர்க்கும் இல்லை.

லயத்துக்கு விலாசம் ஏது?

இது நிற்க. தபால் வந்தது என்றோமே. எவர் வீட்டுக்கு வந்தது? பட்டணத்தார் வீட்டுக்கு இலக்கமும் வீதிப் பெயரும் உண்டு. லயத்துக் காம்பராவுக்கு அவை இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே விலாசம். ஆதலாற் கடிதம் முதலிலே தோட்டக் கந்தோரை அடைந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறியே உரியவரைச் சேரும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடையார் பலர் இருப்பின் யாருடைய கடிதம் யாருக்குப் போகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கழிந்த பின்னர்க் கையிற் கிடைத்த கதைகள் தோட்டந்தோறும் உள. இன்றும் பல தோட்டங்களில் இந்நிலை முற்றாக நீங்கவில்லை. லயங்களுக்கு விலாசம் வேண்டும் என்னும் கோரிக்கை மலையகத்தின் நியாயமான கோரிக்கைகளுள் ஒன்றாகவே இருந்து வருகின்றது.

1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே சபரகமுவத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் இருந்த இடத்தை விட்டு ஓடின. வவுனியா, கிளிநொச்சி வரை சென்று குடியேறினோர் பலர். ஒரு விலாசமே உறுதியில்லாதாருக்கு இடம் பெயர்ந்த பின்னர் அட்டை எவ்வாறு சென்று சேரும்?

இவ்விடத்திலேதான் கைத்தொலைபேசியின் பெருமையை நாம் உணர்தல் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குத் தன் பெயரிலே, தன் கையிலே கிடைத்த முதல் விலாசம் அவளுடைய தொலைபேசி இலக்கமே. அதற்கு வரும் மடல் எவர் கந்தோரிலும் தங்குவதில்லை. எவர் கையிலும் பிரிக்கப்படுவதில்லை. கொழும்பிலே கடையில் வேலை பார்க்கும் தம்பி, வளைகுடா நாட்டில் வீட்டுப்பணி செய்யும் அக்காள், கோத்தகிரியிலுள்ள சித்தப்பா ஆகிய மூவரும் பொங்கற்பானை பொங்கும் அதே காலையிலே வாழ்த்தைப் பெறுகின்றனர். ஆகவே மின்வாழ்த்து நமக்குப் பட்டணத்து நாகரிகம் மாத்திரமன்று. நெடுநாள் மறுக்கப்பட்ட ஒரு வசதியுமாகும்.

கடதாசியின் விலை

இனி, மரத்தின் பக்கம் வருவோம். ஓர் அட்டை மிகச் சிறியது. அதனால் மலை சரிந்துவிடாது என்பது உண்மை. ஆனால் ஓர் அட்டையோடு ஓர் உறை உண்டு. மினுக்குப் பொடியும் பளபளக்கும் மென்தகடும் ஒட்டிய அட்டைகளை மீண்டும் கூழாக்கவும் இயலாது. பொங்கல் முடிந்த மறுவாரம் அவை அடுப்புக்கோ, ஓடைக்கோ, லயத்தின் பின்புறக் குப்பைக்கோ செல்கின்றன. கடதாசியைச் செய்வதற்கு மரமும், மிகுந்த நீரும், வெப்பமும், வெளுக்கும் மருந்தும் வேண்டும்.

கடதாசித் தொழிலின் கசப்பை நம் மாகாணமே கண்டிருக்கின்றது. இலங்கை அரசு 1950களில் வாழைச்சேனையிலே ஒரு கடதாசி ஆலையை நிறுவியது. 1970களின் பிற்பகுதியிலே நம் இரத்தினபுரி மாவட்டத்து எம்பிலிப்பிட்டியிலே இரண்டாவது ஆலை எழுந்தது. வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு மரத்தைக் காக்கலாம் என்னும் நோக்கம் நல்லதே. ஆயினும் வைக்கோலை அவித்தபின் எஞ்சும் கருநீர் வளவை கங்கைப் பகுதியை மாசுபடுத்துகின்றது என்னும் முறைப்பாடு எழுந்தது. மரமின்றிக் கடதாசி செய்தாலும் ஆறு அதற்கு விலை கொடுக்கும் என்பது அதனால் விளங்கிற்று.

மரத்தின் கதை சிங்கராஜ வனத்திலே இன்னும் தெளிவாகும். அவ்வனத்தின் ஒரு பகுதி நம் இரத்தினபுரி மாவட்டத்துக்குரியது. 1970களின் தொடக்கத்திலே ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அங்கே இயந்திரங்களைக் கொண்டு மரந்தறிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. அறிஞரும் பொதுமக்களும் இடைவிடாது எதிர்த்தனர். 1977 இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1978 இல் உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும், 1988 இல் உலக மரபுரிமைத் தலமாகவும் அவ்வனம் யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. மக்கள் வாய் திறந்தால் காடு பிழைக்கும் என்பதற்கு நம் அயலிலேயே உள்ள சான்று அது. இலங்கையின் காடு 1956 இலே நிலப்பரப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பங்காய் இருந்தது. 2010 இலே 30 பங்குக்குச் சற்றுக் குறைந்துவிட்டது.

சரிவிலே வாழ்வார்க்கு இது எண் விளையாட்டன்று. 2016 மே 17 ஆம் நாள் பெருமழையிலே கேகாலை மாவட்டத்து அரநாயக்கையில் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மண்ணுள் மறைந்தும் போயினர். அதே நாட்களிலே புளத்கொஹுபிட்டியவில் ஒரு தோட்டத்து லயமும் மண்ணுட் புதைந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்திலே களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. மண்சரிவுக்குப் பல காரணம் உண்டு. மழையின் கடுமை, சரிவை வெட்டிய வெட்டு, வடிகால் இன்மை, வேர்பிடித்த மரங்களின் குறைவு ஆகியன அவற்றுட் சில. வாழ்த்தட்டையை அதற்குக் குற்றவாளியாக்குவது நம் கருத்தன்று. மரத்தின் அருமையை நம்மினும் அறிந்தோர் இருத்தல் அரிது என்பதே நம் கருத்து.

கடதாசியின் அருமையையும் அண்மையிலே அறிந்தோம். 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி இன்மையாற் கடதாசி இறக்குமதி தடைப்பட்டு, மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. பிள்ளையின் வினாத்தாளுக்கே கடதாசி இல்லாத நாள் ஒன்று வந்ததை நாம் மறத்தல் தகாது. பாடப்புத்தகத்துக்கும், பயிற்சிக் கொப்பிக்கும், இம்மலர் போன்று நெடுநாள் வைத்துக் காக்கவேண்டிய ஏட்டுக்கும் கடதாசி பயன்படுக. ஒரு வாரத்தில் எறியப்படும் அட்டைக்கு அது வேண்டுவதில்லை.

மின்வாழ்த்தின் பிறப்பு

புதிய தூதுவழிகள் பிறந்தபோது மனிதன் அவற்றை வாழ்த்துக்கும் பயன்படுத்தியிருக்கிறான் என்பது வியப்பிற்குரியது. தந்தி இருந்த காலத்தில் இந்தியாவிலே தீபாவளி, திருமண வாழ்த்துகளுக்கு எண்கள் வகுக்கப்பட்டிருந்தன. எண்ணைச் சொன்னாற் போதும், முழு வாழ்த்தும் போய்ச் சேரும். அத்தந்திச் சேவை 2013 சூலையில் முடிவுற்றது. 1992 டிசம்பர் 3 ஆம் நாள் இங்கிலாந்திலே நீல் பாப்வர்த் என்னும் இளம் பொறியியலாளர் அனுப்பிய உலகின் முதற் குறுஞ்செய்தியும் ஒரு நத்தார் வாழ்த்தே. 1994 இலே மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சார்ந்த ஜூடித் டோனத் என்னும் அம்மையார் இணையத்தின் வழியே படத்துடன் கூடிய தபாலட்டையை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். மின்வாழ்த்தட்டையின் தாய் அதுவே.

தமிழும் பின்தங்கி நிற்கவில்லை. உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் ஒழுங்குபடுத்தும் யூனிகோட் முறையில், 1991 இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழெழுத்து இடம்பெற்றது. 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னேடாக்கி உலகத்தார்க்கு இலவசமாய் வழங்கி வருகின்றது. 2005 இலே தொடங்கிய நூலகம் என்னும் முயற்சி இலங்கைத் தமிழரின் நூல்களையும், சஞ்சிகைகளையும், மலர்களையும் இணையத்திலே காத்து வருகின்றது. ஓலையிலிருந்து கடதாசிக்கு நம் முன்னோர் தமிழைக் கொண்டு சென்றனர், உ. வே. சாமிநாதையரும் நம் நாட்டு ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றியிராவிடில் எத்தனை நூல்கள் கறையானுக்கு இரையாகியிருக்கும்! கடதாசியிலிருந்து ஒளித்திரைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு இத்தலைமுறைக்கு உரியது.

கூறப்படும் தடைகள்

மின்வாழ்த்தைக் குறித்து மூன்று தடைகள் கூறப்படுவதுண்டு. மூன்றும் பொருளுடையனவே, ஆதலின் அவற்றுக்கு விடை கூறுதல் கடமை.

முதலாவது, தொலைபேசியும் மின்சாரம் குடிக்கின்றதே என்பது. உண்மைதான். பலாங்கொடைக்கு அண்மையில் 1992 முதல் இயங்கும் சமனலவெவ போன்ற நீர்மின் நிலையங்கள் மின் தருகின்றன. ஆயினும் நுரைச்சோலையிலே நிலக்கரியும் எரிகின்றது. எனினும் ஒரு வாழ்த்துக்குச் செலவாகும் மின்சாரம் மிகச் சிறிது. தொலைபேசியினால் உண்டாகும் கேட்டின் பெரும்பங்கு அதனைச் செய்யும்போதே நேர்ந்துவிடுகின்றது. ஆதலின், இருக்கும் தொலைபேசியை நெடுங்காலம் பேணுதலும், பழுதானதைக் குப்பையில் எறியாது மின்கழிவு சேர்க்கும் இடத்திற் கொடுத்தலும் நம் கடன். ஆண்டுதோறும் புதுத் தொலைபேசி வாங்கிக்கொண்டு மின்வாழ்த்து அனுப்புவோன், மரத்தைக் காத்தேன் என்று மார்தட்டுதல் பொருந்தாது.

இரண்டாவது, மின்வாழ்த்தில் அன்பில்லை என்பது. யாரோ வரைந்த படத்தை யாரோ அனுப்ப, அதனையே நாமும் நூறுபேருக்குத் தள்ளிவிடும் வழக்கத்தைக் கருதியே இவ்வாறு கூறுகின்றனர். இந்தியாவிலே காலை வணக்கப் படங்கள் மிகுந்து தொலைபேசிகளின் இடம் நிரம்பி வழிவது 2018 இலே உலகச் செய்தியாயிற்று. இது மின்வாழ்த்தின் குற்றமன்று, சோம்பலின் குற்றம். ஹென்றி கோலின் அட்டையும் நேரமின்மையிற் பிறந்ததை முன்னரே கண்டோம். அச்சட்டையில் ஒப்பம் மட்டும் இட்டு அனுப்புவோனும், வந்த படத்தைத் தள்ளிவிடுவோனும் ஒரே வகையினர். திருவள்ளுவர் இனியவை கூறலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இன்சொல்லைச் சொல்வது நாமாய் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பாட்டியின் பெட்டியிலே வைக்க மின்வாழ்த்து உதவாதே என்பது. இதுவே மூன்றிலும் வலிய தடை. தொலைபேசி உடைந்தால் வாழ்த்தும் போய்விடும். எனவே காக்கத்தக்க சிலவற்றை வேறிடத்தில் பதிந்து வைத்தல் வேண்டும். அன்றியும், தொலைபேசி இல்லாத முதியோர்க்கும், கண் மங்கியோர்க்கும், அலைவரிசை எட்டாத பிரிவுகளில் உள்ளோர்க்கும் மின்வாழ்த்தைத் திணித்தல் அறமன்று. அவரிடம் நடந்து சென்று கைகூப்புவதே உயர்ந்த வாழ்த்து. அதற்கு மரமும் வேண்டா, மின்சாரமும் வேண்டா.

நாம் செய்யக்கூடியவை

நண்பரைக் கண்டித்துத் திருத்துதல் அரிது. நல்லதொன்றைச் செய்துகாட்டி அவர் மனத்தை இழுத்தல் எளிது. ஆகையால் வரும் தைப்பொங்கல் முதல் நம் சங்க அங்கத்தவர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம் என்பது நம் வேண்டுகோள்.

வாழ்த்தை நாமே தமிழில் இயற்றுவோம். இரண்டு வரியாயினும் போதும். பெறுவோர் பெயரைச் சொல்லி, அவர் குடும்பத்தின் நலத்தைக் கேட்டு எழுதுவோம். நம் வாசற்கோலத்தையோ, நம் மலையின் காலைக் காட்சியையோ, தம்பி தங்கையர் வரைந்த சித்திரத்தையோ படம்பிடித்து அதனுடன் இணைப்போம். அத்தகைய மடலைப் பெற்ற நண்பன், கடையில் வாங்கிய அட்டையை மறுமுறை அனுப்பக் கூசுவான். ஆயிரம் உபதேசத்தினும் அது வலிது.

எழுதத் தெரியாத மூத்தோருக்காக இளைஞர் எழுதிக் கொடுக்கலாம். தாத்தாவின் குரலையே பதிந்து நீலகிரியிலுள்ள அவர் தம்பிக்கு அனுப்பலாம். அட்டைக்காலத்திற் குரல் கடல் தாண்டியதில்லை, இன்று தாண்டும். கையாற் கொடுக்கும் மடல் வேண்டின், பழைய நாட்காட்டித் தாளின் வெறும்புறத்தைக் கொண்டு நாமே செய்து கொள்ளலாம்.

அட்டைக்கும் முத்திரைக்கும் செலவிடும் பணத்தைச் சங்கத்திலே ஒன்றாய்ச் சேர்த்து, ஓடைக்கரைக்கு மருது, பாதையோரத்துக்கு நாவல் போன்ற நம் நாட்டு மரக்கன்றுகளை வாங்கி, தோட்ட நிருவாகத்தின் இசைவுடன் நடலாம். நடுதல் ஒருநாள் வேலை. நீர் வார்த்து ஆடுமாடு கடியாமற் காத்தல் மூன்று வருட வேலை. ஆதலின் எத்தனை நட்டோம் என்பதை எழுதாது, எத்தனை பிழைத்தன என்பதையே அடுத்த மலரில் எழுதுவோம். வாழ்த்து அனுப்பும் நண்பருக்கு, உங்கள் பெயரால் இந்தக் கன்று வளர்கின்றது என்று அதன் படத்தையும் அனுப்புவோமாயின், அவரும் தம் ஊரிலே ஒன்று நட மனங்கொள்வார். இவ்வாறே வாழ்த்து ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பசுமையையும் கொண்டு செல்லும்.

இளைஞர்களே! நம் மூதாதையர் பிறர் காணியில் பிறருக்காக மரத்தை நீக்கிச் செடியை நட்டனர். அவர் பேரப்பிள்ளைகளாகிய நாம் நம் சொந்த விருப்பத்தினால் ஒரு மரத்தை நிறுத்தி வைக்கும் காலம் வாய்த்திருக்கின்றது. அவர்களுக்கு விலாசம் இல்லாதிருந்தது. நமக்குக் கையிலே விலாசம் உண்டு. அவ்விலாசத்தின் வழியே இன்சொல்லை அனுப்புவோம். அதற்காக மரம் ஒன்று விழாதிருக்கச் செய்வோம். சிவனொளிபாத மலையின் அடியிலே வாழும் நமக்கு எம்பெருமான் அந்நல்லறிவை அருள்வானாக!

வாழ்க தமிழ்! வாழ்க மலைகள்!